பால்ஃப்ரியில் 'பரி' இல்லை

மொழிபெயர்ப்புகளைத் திருத்துவது என் தொழில். சமீபத்தில் வந்த ஒரு பிரதி, இடைக்கால இங்கிலாந்தில் நடக்கும் கதை. 'பால்ஃப்ரி' (palfrey) என்ற ஆங்கிலச் சொல் வந்த இடத்திலெல்லாம் 'போர்க்குதிரை' என்று இருந்தது. ஓரத்தில் ஒரு குறிப்பு வேறு: 'நம் பரிதான் அங்கே போய் பால்ஃப்ரி ஆனது.' இரண்டுமே தவறு.

பால்ஃப்ரி சண்டைக்குப் போகாது. உடம்பைக் குலுக்காத மெத்தென்ற நடைக்காகப் பெண்களும் பிரபுக்களும் நெடும்பயணத்துக்கு விரும்பி ஏறிய குதிரை அது. போர்க்குதிரைக்கு டெஸ்ட்ரியர் என்று தனிப்பெயரே உண்டு.

சரி, பெயர் எங்கிருந்து வந்தது? ரோமப் பேரரசர் அகஸ்டஸ் தொடங்கிய அரசு அஞ்சல் முறையில் தூதர்கள் வழியில் குதிரை மாற்றிக்கொண்டு ஓடுவார்கள். அந்த அஞ்சல் குதிரைக்கு லத்தீனில் 'வெரெடுஸ்' என்று பெயர். அதுவும் சொந்தச் சரக்கில்லை. இன்றைய பிரான்ஸ் பகுதியான 'கால்' (Gaul) நாட்டுக் கெல்திய மொழியில் வாங்கியது. பெருஞ்சாலையை விட்டு விலகிய ஊர்களுக்குப் போகும் கூடுதல் குதிரை 'பாராவெரெடுஸ்'. உடனே 'பார்த்தீர்களா, பரி!' என்று துள்ள வேண்டாம். 'பாரா' கிரேக்க முன்னொட்டு; 'பக்கத்தில்' என்று பொருள். குதிரை இருப்பது பின்பாதியில்.

ஒரே சொல்லில் இரண்டு ரகரம் நாக்குக்குத் தொல்லை. முதலாவது லகரமாகி, இடைக்கால லத்தீனில் 'பாலாஃப்ரெடுஸ்' ஆனது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'பால்ஃப்ரி'. ஜெர்மானியர் வேறு வழியில் தேய்த்தார்கள்: முதலில் 'ப்ஃபாரிஃப்ரித்', இப்போது 'ப்ஃபேர்ட்'. டச்சில் 'பார்ட்'. ஓரத்து ஊருக்குப் போன உபரிக் குதிரையின் பெயர், அந்த இரு மொழிகளிலும் எல்லாக் குதிரைக்கும் பொதுப்பெயராகிவிட்டது!

ஒலியை நம்பி ஏமாறுவது நமக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. இத்தாலியர் இதே சொல்லில் தங்கள் 'ஃப்ரேனோ', அதாவது கடிவாளம், இருப்பதாக நினைத்து 'பாலாஃப்ரேனோ' என்றே மாற்றிக்கொண்டார்கள்.

அதனால் வாட்ஸ்அப்பில் வேர்ச்சொல் விளக்கம் வந்தால் நான் இரண்டு விஷயம் பார்ப்பேன். சொல்லின் மிகப் பழைய வடிவத்தோடும் அது பொருந்துகிறதா? மீதி அசைகளுக்குக் கணக்குச் சொல்கிறதா? 'பரி' இரண்டிலும் தோற்கிறது.

பிரதியில் 'பயணக் குதிரை' என்று திருத்தி, ஓரக் குறிப்பை அடித்து அனுப்பினேன். மொழிபெயர்ப்பாளர் முதல் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார். பரியை விட்டுக்கொடுக்கத்தான் அவருக்கு இன்னும் மனசில்லை.