பேட்டினாவும் களிம்பும்

பழங்காசு சேர்ப்பவர்கள் வாயில் ஓயாமல் புழங்கும் சொல் பேட்டினா. செம்பு, வெண்கலக் காசுகளின் மேல் பச்சையாகவோ பழுப்பாகவோ கறுப்பாகவோ படிந்திருக்கும் பூச்சுக்கு இந்தப் பெயர். ‘பூச்சு’ என்று நான் எழுதியதே தவறு. காரணம் பின்னால் வருகிறது.

சொல் இத்தாலிய மொழியிலிருந்து வந்தது. அதற்கும் மூலமான லத்தீன் சொல்லுக்கு அகன்ற, ஆழமில்லாத தட்டு என்று பொருள். பழைய வெண்கலத் தட்டுகளில் ஏறியிருந்த படிவால் இந்தப் பெயர் அமைந்தது என்பது ஒரு விளக்கம். 1681-இல் இத்தாலியக் கலை வரலாற்றாசிரியர் பால்தினுச்சி வெளியிட்ட கலைச்சொல் அகராதியில், காலம் ஓவியங்களின் மேல் ஏற்றும் மங்கல் நிறத்தைக் குறிக்க இச்சொல் வருகிறது. காசுக்கு வந்தது பிறகுதான்.

தமிழில் சிலர் ‘துரு’ என்று எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. துரு இரும்புக்கு உரியது. உதிர உதிர உள்ளே தின்றுகொண்டே போகும். செம்பில் இறுகிப் படிவது பெரும்பாலும் அடியிலுள்ள உலோகத்தைக் காக்கிறது. ‘பாசி’ என்பாரும் உண்டு. நிறம் பொருந்துகிறது, அவ்வளவுதான்.

நம்மிடம் பழைய சொல்லே இருக்கிறது: களிம்பு. இன்று மருந்துக்கடைத் தைலத்தை நினைவூட்டினாலும், செம்பில் ஏறும் பச்சைக்கும் இதுவே பெயர். உயிரோடு ஆணவம் ஒட்டியிருப்பதற்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் உவமை, செம்பில் களிம்பு. வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு அன்று, செம்போடு கூடவே இருப்பது என்பது கருத்து. வேதியியலும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறது. மண்ணின் ஈரமும் காற்றும் பட்டு, காசின் செம்பே அடியில் செந்நிற ஆக்சைடாகவும் மேலே பச்சைக் கார்பனேட்டாகவும் மாறுகிறது. பூச்சு என்றால் மேலே தடவியது என்றாகிவிடும்; இது மேற்பரப்பே உருமாறியது.

இதை நான் கற்றது ஒரு ராஜராஜன் செம்புக் காசைக் கெடுத்த பிறகு. ஒரு புறம் நிற்கும் உருவம், மறுபுறம் அமர்ந்த உருவம், அதன் கையருகே நாகரி எழுத்து. தேய்ந்த காசுதான், ஆனாலும் சாய்வெளிச்சத்தில் பிடித்தால் மேடுகள் பழுப்பாகவும் பள்ளங்கள் கரும்பச்சையாகவும் பிரிந்து, இரண்டு எழுத்துகள் தெரிந்தன. இன்னும் தெளிவாகட்டும் என்று எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டேன். மறுநாள் கையில் இருந்தது இளஞ்சிவப்பாய், அம்மைத் தழும்பு முகம்போல் குழிகுழியாய் ஒரு தகடு. எழுத்துகள் களிம்பில்தான் நின்றிருந்தன. அடியிலிருந்த உலோகத்தில் அவை இல்லை.

ஆகவே களிம்பு என்ற சொல்லில் ஒரு சிக்கல் உண்டு. பாத்திரத்தில் கண்டால் துலக்கு என்றே அது நம்மிடம் சொல்லிவந்திருக்கிறது. காசில் கண்டால் கைவைக்காதே என்று சொல்ல வேண்டும். புதுச்சொல் எதையும் செய்ய வேண்டாம். ‘இறுகிய களிம்பு’ என்றால் போதும். வெள்ளிக்காசுக்கு இது பொருந்தாது. அங்கே படிவது கந்தகத்தால் வரும் கருமை. அதைக் கருமை என்றே சொல்லலாம். பொன்னுக்குப் பெரும்பாலும் எதுவும் வேண்டியதில்லை.

போலிக் களிம்பும் உண்டு. தேய்ந்த காசின் பள்ளங்களில் மணல்நிறச் சாந்தை அப்பி உருவத்தை எடுப்பாக்குவார்கள். பச்சை வண்ணம் தீட்டியிருந்தால், அசிட்டோன் (நகப்பூச்சு நீக்கப் பயன்படும் திரவம்) தொட்ட பஞ்சில் நிறம் ஒட்டிக்கொண்டு வரும்.

களிம்போடு குழப்பக்கூடாதது இன்னொன்று: வெண்கல நோய். உலோகத்துக்குள் தங்கிய குளோரைடு ஈரக்காற்றில் விழித்துக்கொண்டு செம்பை அரிப்பது. களிம்பு கரும்பச்சையாய், வழுவழுப்பாய், நகத்துக்கு அசையாமல் இருக்கும். நோய் வெளிர்பச்சைப் பொடியாய்ப் புள்ளிபுள்ளியாகப் பூக்கும். குச்சிமுனையால் தொட்டாலே உதிரும். துடைத்துவிட்டாலும் சில நாளில் அதே இடத்தில் மறுபடி பூத்தால் சந்தேகம் வேண்டாம். அந்தக் காசைத் தனியே எடுத்து, ஈரம் அண்டாத டப்பாவில் வையுங்கள்.