உபநதி: துணையாறா, கிளையாறா?

'மஞ்சளாறு வைகையின் கிளையாறு' என்று எழுதுகிறவர்கள் மதுரையிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். அது தவறு, துணையாறு என்பதே சரி என்றால், 'ரெண்டும் ஒண்ணுதானே' என்பார்கள். ஒன்றல்ல, நேர் எதிர்.

உபநதி வடசொல். 'உப' என்பதற்கு அருகில் இருப்பது, சார்ந்தது என்று பொருள். பெரிய ஆற்றில் போய்ச் சேரும் ஆறு உபநதி; அதற்கான தமிழ்ச் சொல் துணையாறு. கிளையாறு, பெரிய ஆற்றிலிருந்து பிரிந்து போவது. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிவதைப் போல.

குழப்பம் வரைபடத்தால் வருகிறது. அதில் துணையாறுகள் மரக்கிளை மாதிரியே தெரியும். ஆனால் கிளை அடிமரத்திலிருந்து வெளியே போவது. துணையாற்றின் தண்ணீரோ உள்ளே வருகிறது. கோட்டைப் பார்க்காமல் தண்ணீர் ஓடும் திசையைப் பார்த்தால் சரியான சொல் தானாக வந்துவிடும்.

துணையாறு வெறும் மொழிபெயர்ப்பு அல்ல. தமிழில் 'ஆறு' என்றால் வழி என்றும் பொருள். வழித்துணை என்கிறோமே, அந்தத் துணைதான் இது. உபநதியில் இந்த நெருக்கம் எனக்குக் கிடைப்பதில்லை.

கொடைக்கானல் மலையில் தலையாறு அருவியாக விழுந்து வரும் மஞ்சளாற்றைத் தேவதானப்பட்டி அருகே அணை கட்டி மறித்திருக்கிறார்கள். அதன் பிறகு வத்தலகுண்டு வழியாக வந்து, வைகை அணைக்குக் கீழே வைகையில் சேர்கிறது. சிறுமலையிலிருந்து வரும் சாத்தையாற்றுக்குப் பாலமேடு அருகே அணை. அய்யம்பாளையத்தில் மருதாநதி அணை. அணை நீரை வாய்க்காலில் திருப்பிவிட்டு, கீழே வெறும் மணல்தான் கிடந்தாலும் இவை துணையாறுகளே. பெயரைத் தருவது நிலத்தின் சரிவு, அந்த வருடத்து மழை அல்ல.

அப்போ பெரியாறும் வைகையின் துணையாறா? முல்லையாறு பெரியாற்றின் துணையாறு. இரண்டும் கூடும் இடத்தையொட்டி 1895இல் அணை வந்தது. மேற்கே ஓட வேண்டிய தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, சுருளியாற்றில் கலந்து, 1959இல் திறந்த வைகை அணைக்கு வருகிறது. மதுரை மாவட்டத்து வயல்கள் பல அதை நம்பித்தான் விளைகின்றன. ஆனாலும் பெரியாறு வைகையின் துணையாறு ஆகாது. துணையாறு சுருளியாறுதான், பெரியாற்றுத் தண்ணீர் அதில் சேர்ந்து வருகிறது.