சுட்டி வளைந்து போகும் பாதை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியின் கணினி அறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் மவுஸைப் பிடித்திருக்கிறான். திரையின் அடியில் ‘தொடங்கு’, மேலே இடது மூலையில் சிவப்புக் கட்டம், வலது மூலையில் நீலக் கட்டம். தொடங்கியதும் ‘நீலம்’ என்ற சொல் சிவப்பு எழுத்தில் வருகிறது. சொல்லை விட்டுவிட்டு எழுத்தின் நிறத்தைத் தொட வேண்டும். பையன் சரியாகச் சிவப்பைத்தான் தொடுகிறான். ஆனால் சுட்டி முதலில் நீலத்தின் பக்கம் சாய்ந்து, பாதி வழியில்தான் திரும்புகிறது.

இது 1935இல் ஸ்ட்ரூப் என்ற உளவியலாளர் வெளியிட்ட சோதனையின் வழிவந்தது. பொத்தானை அழுத்தச் சொன்னால் எவ்வளவு தாமதம் என்ற ஒற்றை எண்தான் கிடைக்கும். கையை அடக்கி வைத்ததால் தாமதமா, தப்பான பக்கம் போய்த் திரும்பியதால் தாமதமா என்று அந்த எண் சொல்லாது. 2005இல் ஸ்பைவி என்ற ஆய்வாளரின் குழுவினர் மவுஸ் பாதையைப் பதிவு செய்து பார்த்தார்கள். ‘கேண்டில்’ (மெழுகுவத்தி) என்ற சொல் காதில் விழுந்து அதன் படத்தை நோக்கிப் போன கை, ஒலியில் அதைப் போலவே தொடங்கும் ‘கேண்டி’ (மிட்டாய்) படமும் திரையில் இருந்தபோது அதன் பக்கம் கூடுதலாக வளைந்தது. முடிவெடுத்து முடியும்வரை கை காத்திருப்பதில்லை.

முக்கிய அளவுகள் இரண்டு. சொல் தோன்றியதிலிருந்து கை அசையத் தொடங்கும் நேரம் ஒன்று. தொடக்கத்திலிருந்து விடைக்கு இழுத்த நேர்கோட்டிலிருந்து பாதை அதிகபட்சம் விலகிய தூரம் மற்றொன்று. எர்ப் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2016இல் இவை இரண்டையும் வெவ்வேறு வேலைகளோடு இணைத்தார்கள்: முரண் தெரிந்ததும் கையைச் சற்று நிறுத்தி வைப்பது முன்னதில் தெரியும், சரியான விடையின் பக்கம் கவனத்தை இழுத்து வருவது பின்னதில் தெரியும்.

செலவு பெரிதில்லை. இத்தகைய சோதனைகளை அமைக்கும் ஓப்பன்செசமி மென்பொருளும், அதில் மவுஸ் பாதையைப் பதிவு செய்யும் மவுஸ்டிராப் செருகியும் இலவசம். நிறங்களில் சிவப்பும் நீலமும் பாதுகாப்பானவை. சிவப்பும் பச்சையும் வைத்தால் நிறக்குறை உள்ள பையன்கள் மாட்டிக்கொள்வார்கள். சொல்லும் நிறமும் ஒத்தது 40 முறை, முரண்பட்டது 40 முறை எனக் கலந்து கொடுக்கலாம். அதற்கு முன் பத்துப் பயிற்சி. ‘மேரா’ (சிவப்பு), ‘பீரு’ (நீலம்) என்று மலாய்ச் சொற்களில் தனிச் சுற்றும் வைக்கலாம். பொதுவாக, சரளமாக வாசிக்க வரும் மொழிதான் அதிகம் குறுக்கிடும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் அற்பக் காரணத்தால். விண்டோஸில் சுட்டியின் வேக முடுக்கம் இயல்பாகவே இயங்கும். அதே கையசைவுக்குச் சுட்டி ஒருமுறை குறைவாகவும் ஒருமுறை அதிகமாகவும் ஓடும். அதை அணைத்துவிட்டு, சுட்டியின் வேகத்தையும் குறைக்க வேண்டும். கண்ணாடி மேசையில் மவுஸின் ஒளி உணரி தடுமாறும். அடியில் ஒரு தாள் போட்டால் சரியாகிவிடும். வலக்கைக்காரரின் வீச்சு இடமும் வலமும் ஒன்றுபோல் இருக்காது. அதனால் பாதிப் பேருக்குக் கட்டங்களை இடம் மாற்றி வைக்க வேண்டும்.

இதையெல்லாம்விடப் பெரிய தொல்லை, கெட்டிக்காரப் பிள்ளைகள். கையை அசைக்காமல் யோசித்து முடித்துவிட்டு நேர்கோடாக இழுத்துவிடுவார்கள். பதிவில் ஒன்றுமே தங்காது. “தம்பி, யோசிச்சிட்டு நகர்த்தாதே, நகர்த்திக்கிட்டே யோசி” என்று சொல்வது ஓரளவுக்குத்தான் உதவும். சுட்டி கொஞ்சம் மேலே ஏறிய பிறகே சொல் தோன்றும்படி அமைத்துவிடுவது உறுதியான வழி. அப்படிச் செய்தால் தொடக்க நேரத்தின் பொருள் மாறிவிடும். அந்த அளவுதான் முக்கியம் என்றால் இந்த அமைப்பு வேண்டாம்.

கணக்கிடும்போது ஒவ்வொரு பாதையையும் 101 சம நேரப் புள்ளிகளாக்கி, இடப்பக்கப் பாதைகளைப் புரட்டி வலப்பக்கத்தோடு சேர்த்துச் சராசரி எடுப்பது வழக்கம். ஆனால் முப்பது நேர்கோடுகளும், நீலம்வரை போய் வெடுக்கென்று திரும்பிய பத்துப் பாதைகளும் சேர்ந்தால், சராசரியில் யாருமே போகாத ஒரு மென்மையான வளைவு வந்து நிற்கும். சராசரிக்கு முன்னால் எல்லாப் பாதைகளையும் ஒரே படத்தில் தனித்தனிக் கோடுகளாக வரைந்து பார்த்தாக வேண்டும்.