கறையா, தேய்மானமா? கழிப்பறைக் கோப்பையில் ஆசிட் ஊற்றும் முன் பாருங்கள்

வேலூரில் பிளம்பிங் வேலை பார்க்கிறவனுக்கு, குழாய் ஒழுகலுக்கு அடுத்தபடி வரும் புகார் கழிப்பறைக் கோப்பையின் நிறம்தான். சத்துவாச்சாரி, காட்பாடி, தொரப்பாடி என்று எந்தப் பக்கம் போனாலும் இதே பேச்சு. "இன்னாண்ணா, எவ்ளோ தேச்சாலும் போவ மாட்டேங்குது. பாலிஷே போயிடுச்சு போல, மாத்திடலாமா?" என்பார்கள். என்னைக் கூப்பிடுவதற்குள் ஒரு பாட்டில் ஆசிட் உள்ளே போயிருக்கும்.

இப்படிப் பாலிஷ் போனதாகச் சொல்லப்படும் கோப்பைகளில் பெரும்பாலானவற்றில் பாலிஷ் பத்திரமாகவே இருக்கிறது. அதன்மேல் சுண்ணாம்பு படிந்திருக்கிறது, அவ்வளவுதான். சிலவற்றில் பாலிஷ் நிஜமாகவே போயிருக்கும். அங்கே எந்த ஆசிடும் உதவாது. எது எதுவென்று பார்க்காமல் ஊற்றுவதால் காசும் போகிறது, ஊற்றுகிறவரின் மூச்சும் கெடுகிறது.

முதலில் நம் தண்ணீர். பாலாறு வருஷத்தில் பெரும்பகுதி மணலாகத்தான் கிடக்கிறது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற வீட்டிலும் அதைக் குடத்திலும் சின்டெக்ஸிலும் பிடித்துவைத்துச் சமையலுக்குத்தான் வைத்துக்கொள்வார்கள். ஃப்ளஷ் டேங்குக்குப் போவது போர் தண்ணீர். பாறை இடுக்கில் ஊறி வரும் அந்தத் தண்ணீரில் கால்சியமும் (சுண்ணாம்புச் சத்து) மக்னீசியமும் கரைந்திருக்கும். இதைத்தான் தண்ணீரின் கடினத்தன்மை என்கிறோம். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது; வேறு தண்ணீருக்கு வழியில்லாவிட்டால் 600 வரை. உங்கள் வீட்டில் சோப்பு நுரைக்காமல் திரிந்துபோனால், குக்கர் அடியில் வெள்ளைத் திட்டு படிந்தால், கோப்பையிலும் அதேதான் படிகிறது.

தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்பையும் மொத்தமாகக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை மட்டும் முக்கிப் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் தொழிற்சாலைகளால் கரிக்கும் தண்ணீர் நிறைய இடங்களில் உண்டு. வாயில் கரிக்கும் உப்பு அடுத்த ஃப்ளஷ்ஷில் கரைந்து ஓடிவிடும். பீங்கானைப் பிடித்துக்கொள்வது சுண்ணாம்புதான். தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தால் கடினத்தன்மை எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

ஃப்ளஷ் செய்தபின் கோப்பையில் ஒரு மெல்லிய ஈரம் நிற்கும். அது காயும்போது தண்ணீர் போய்விடும், சுண்ணாம்பு தங்கிவிடும். கத்திரி வெயிலில் நம் ஊரில் இது எவ்வளவு வேகமாக நடக்கும் என்று சொல்லவே வேண்டாம். சொந்த ஊருக்குப் போய் ஒரு மாதம் பூட்டிவைத்த வீட்டில் நீர்மட்டம் இறங்க இறங்க வளையத்துக்குக் கீழே வளையமாகப் படிந்திருக்கும். சிறுநீரின் உப்பும் அதோடு சேர்ந்தால் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிவிடும்.

செம்பழுப்புக் கறை என்றால் இரும்பு. தண்ணீரை வெள்ளை பக்கெட்டில் பிடித்து ஒரு ராத்திரி வையுங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்து காலையில் மஞ்சளித்தால், கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டுத் துருவாக மாறியிருக்கிறது. பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் உள்ள வீட்டில் குழாயே துருவைக் கொட்டும்.

கோப்பையின் பின்பக்கச் சுவரில் மட்டும் நூல் பிடித்தாற்போலக் கறை இறங்கியிருந்தால் கோப்பையை விட்டுவிட்டு ஃப்ளஷ் டேங்கைப் பாருங்கள். உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்து, கண்ணுக்குத் தெரியாத அளவில் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். டேங்கில் ஒரு சிட்டிகை கேசரி பவுடரைப் போட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பைத் தண்ணீரில் சிவப்பு வந்தால் ஒழுகல் உறுதி. வாஷரை மாற்றாமல் கறையைத் தேய்த்தால் அடுத்த மாதம் மறுபடி தேய்க்க வேண்டும்.

இனி முக்கியமான சோதனை. ஃப்ளஷ் டேங்குக்குத் தண்ணீர் வரும் ஆங்கிள் காக்கை மூடி, ஃப்ளஷ் செய்து, மீதித் தண்ணீரைக் குவளையால் மொண்டு, பழைய துணியால் ஒற்றி எடுங்கள். கோப்பை நன்றாகக் காயட்டும். செல்போன் டார்ச்சை மேலிருந்து நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். கையுறை போட்டுக்கொண்டு கறையின் ஓரத்தைத் தடவினால், சுண்ணாம்புப் படிவமாக இருந்தால் விரல் ஒரு விளிம்பில் ஏறி இறங்கும். பழைய பிளாஸ்டிக் கார்டால் சுரண்டினால் மாவாக உதிரும். ஒரு சொட்டு வினிகர் விட்டால் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பும். தேய்மானத்தில் இப்படி விளிம்பு இருக்காது. நல்ல இடத்துக்கும் மங்கிய இடத்துக்கும் மேடு பள்ளமே தெரியாது, வெளிச்சம் மட்டும் அங்கே பளபளக்காமல் செத்துப்போகும். சந்தேகம் தீராவிட்டால் அந்த இடத்தில் பேனா மையைச் சிறிது தடவி, உடனே ஈரத்துணியால் துடையுங்கள். மேல்பூச்சு நன்றாக இருந்தால் மை முழுக்க வந்துவிடும். போயிருந்தால் நுண்ணிய கோடுகளாகவும் புள்ளிகளாகவும் உள்ளே நின்றுவிடும்.

படிவம்தான் என்று தெரிந்தால் எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் ஆசிட் போதும். அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 100 கிராம் கரையுங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், சூடு தாங்காமல் பீங்கான் விரிசல் விடும். பழைய பருத்தித் துணியைக் கிழித்து அதில் நனைத்து, வளையத்தின்மேல் ஒட்டினாற்போலப் பதித்து, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். தண்ணீரை இறைக்காமல் பொடியை அப்படியே கொட்டுகிறவர்கள்தான் "ஒண்ணும் ஆவல" என்கிறார்கள். கோப்பைத் தண்ணீரில் கலந்து அதன் வீரியம் போய்விடுகிறது. காலையில் நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். தடித்த படிவம் ஒரே இரவில் போகாது, அடுத்த ராத்திரியும் செய்யுங்கள். ரிம்முக்கு, அதாவது கோப்பையின் மேல் விளிம்புக்கு அடியில் தண்ணீர் வரும் துளைகளை யாரும் பார்ப்பதில்லை. ஒரு சின்னக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால் பாதித் துளைகள் அடைந்திருப்பது தெரியும். அதே கரைசலில் நனைத்த பஞ்சை அங்கே அடைத்து, பிறகு ஐஸ்கிரீம் குச்சியால் குத்தி எடுங்கள். துளை திறந்து தண்ணீர் சீராக இறங்கினாலே கறை பிடிப்பது குறையும்.

துருக்கறைக்கும் சிட்ரிக் ஆசிட் வேலை செய்யும், கொஞ்சம் மெதுவாக. துருக்கறைமேல் பிளீச்சிங் பவுடர் போடவே போடாதீர்கள். அது இரும்பை இன்னும் இறுக்கிப் பிடிக்க வைத்துவிடும்.

ஆசிட் விஷயத்துக்கு வருகிறேன். தெருவில் லேபிள் இல்லாத வாட்டர் பாட்டிலில் விற்கிறார்களே, அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்பை நிமிஷத்தில் கரைக்கும் என்பது உண்மைதான். அதோடு டைல்ஸ் இடுக்கிலுள்ள சிமென்ட்டையும் குழாயின் குரோம் பூச்சையும் அரிக்கும். செப்டிக் டேங்கில் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிரிகளையும் கொல்லும். சின்னப் பிள்ளைகள் தண்ணீர் என்று எடுத்துக் குடித்துவிடும் ஆபத்து வேறு. 2013-இலேயே உச்ச நீதிமன்றம் சில்லறை ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு போட்டது. பதிவேடு வேண்டும், வாங்குகிறவரின் அடையாள அட்டை வேண்டும், 18 வயதுக்குக் கீழானவர்களுக்கு விற்கக் கூடாது. நம் தெருக்களில் இதை யார் பார்க்கிறார்கள்?

இதைவிடக் கொடியது ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்ப்பது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கடையில் வாங்கும் டாய்லெட் கிளீனர்கள் பலவற்றிலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் இருக்கிறது, எனவே அதன்மேல் பிளீச்சிங் தூவினாலும் இதே கதிதான். ஜன்னல் இல்லாத நாலடிக்கு நாலடி அறையில் இது விளையாட்டல்ல. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் தங்கும் லாட்ஜுகளில், அறை காலியான கையோடு அடுத்தவர் வருவதற்குள் கழுவ வேண்டும் என்று இரண்டையும் கொட்டச் சொல்கிறார்கள். கழுவுகிற அம்மா முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு கண்ணில் நீர் வழிய நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். துணி வாயுவைத் தடுக்காது. அந்த அம்மாவுக்குக் கையுறையும் எலுமிச்சை உப்பும் வாங்கித்தர ஆகும் செலவு ஒரு நாள் அறை வாடகையில் அடங்கிவிடும். லாட்ஜ் நடத்துகிறவர்கள் தயவுசெய்து யோசியுங்கள். நெடி ஏறி இருமல் வந்தால் கழுவுவதைப் பற்றிக் கவலைப்படாமல் உடனே வெளியே வந்துவிடுங்கள். மூச்சு இறுகினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

சரி, சோதனையில் தேய்மானம்தான் என்று தெரிந்துவிட்டது. கோப்பையின் பளபளப்பு ஒரு கண்ணாடிப் பூச்சு. சூளையில் சுமார் 1200 டிகிரி செல்சியஸில் பீங்கானோடு உருகி ஒன்றாவது அது. அதைக் கெடுப்பது பெரும்பாலும் கம்பி நார், மணல்தாள், செங்கல் தூள், முடி உதிர்ந்து கம்பி தெரியும் பழைய பிரஷ். சில ரஸ்ட் ரிமூவர்களில் ஃப்ளோரைடு இருக்கும், அது கண்ணாடியையே அரிக்கும். லேபிளில் அந்தப் பெயர் இருந்தால் கோப்பைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஒருமுறை கீறிய பூச்சில் அழுக்கு சீக்கிரம் பிடிக்கும். அதைப் போக்க இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள், கீறல் இன்னும் கூடும்.

போன பூச்சை வீட்டில் திரும்பக் கொண்டுவர முடியாது. டப்பாவில் வரும் எபாக்ஸி பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்பார்கள். எப்போதும் தண்ணீர் நிற்கும் இடத்தில் அது நிலைத்து நான் பார்த்ததில்லை. உரிந்துகொண்டு வரும், பார்க்க முன்னைவிட அசிங்கமாக இருக்கும். அதற்காக உடனே மாற்றியே ஆக வேண்டும் என்றும் இல்லை. நல்ல பீங்கானாக இருந்தால் பூச்சு மங்கினாலும் தண்ணீர் கசியாது. வாரம் இருமுறை மெல்லிய சோப்புக் கரைசலும் நைலான் பிரஷ்ஷும் போட்டால் இன்னும் பல வருஷம் ஓட்டலாம். மங்கல் பரவி, கழுவிய மறுநாளே நாற்றம் வந்தாலோ, மயிரிழை விரிசல் தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள்.

வாங்கப் போனால் ஐ.எஸ். 2556 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கடையிலேயே கோப்பையின் கீழ்த் துவாரத்துக்குள் கையை விட்டுத் தடவுங்கள். உள்வளைவிலும் வழவழப்பு இருக்க வேண்டும், சொரசொரவென்றிருந்தால் வேறு எடுக்கச் சொல்லுங்கள். பொருத்தும்போது கொத்தனார் சிமென்ட்டைக் குழைத்து அடியைச் சுற்றி அப்பப் பார்ப்பார். ஸ்குரூ போட்டு ஓரத்தில் சிலிக்கான் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள், அடுத்தமுறை கழற்றும்போது டைல்ஸ் உடையாது.