மறுமணம் செய்தவர்கள் உயில் எழுதும்போது கவனிக்க வேண்டியவை

மறுமணம் செய்துகொண்டவர்களிடம் உயில் பேச்சை எடுத்தால், "பிள்ளைகள் எல்லாம் வளர்ந்துவிட்டார்கள், அவர்களே பார்த்துப் பிரித்துக்கொள்வார்கள்" என்று சொல்வதுண்டு. பிள்ளைகள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் உயில் இல்லாவிட்டால் யாருக்கு என்ன என்று தீர்மானிப்பது வாரிசுரிமைச் சட்டம்தான். பல வருடம் அப்பா என்று கூப்பிட்டு வளர்ந்த மனைவியின் பிள்ளைக்கு அந்தச் சட்டத்தில் இடம் கிடையாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒருவருடைய முதல் மனைவி இறந்துவிட்டார். அந்த மணத்தில் ஒரு மகன், ஒரு மகள். இருவரும் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். பிறகு அவர் மறுமணம் செய்கிறார். வந்த மனைவிக்கும் முந்தைய மணத்தில் ஒரு மகன். சொத்து, சுயசம்பாத்தியத்தில் கட்டிய ஒரு வீடு. உயில் எழுதாமல் அவர் இறந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் மூவருக்கும் சமபங்கு. அவருடைய தாயார் உயிரோடு இருந்தால் நான்கு பங்காகும். மனைவியின் மகனுக்கு நேரடியாக ஒன்றுமில்லை.

சில வருடம் கழித்து அந்த மனைவியும் உயில் எழுதாமல் இறந்தால், அவர் பங்கு அவர் பெற்ற மகனுக்குப் போகும். இப்போது ஒரே வீட்டுக்கு மூன்று பேர் சொந்தக்காரர்கள். ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டால் முழு வீட்டையும் விற்க முடியாது. பாகப் பிரிவினை வழக்குதான் வழி.

"சரி, எல்லாவற்றையும் மனைவி பேருக்கே எழுதிவிடுகிறேன், அவள் என் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவாள்" என்று நினைப்பவர்கள் இதை இன்னும் நிதானமாக யோசிக்க வேண்டும். மேலே சொன்ன குடும்பத்தில் அப்படி எழுதினால், மனைவி உயில் எழுதாமல் இறந்த அன்றே முழு வீடும் அவர் மகனுக்கு. யாரும் யாரையும் ஏமாற்றத் தேவையில்லை, அவர் உயில் எழுத மறந்தாலே போதும். முதல் மனைவியின் நகையை விற்றுக் கட்டிய வீடாக இருந்தாலும் சட்டம் அதைப் பார்க்காது. "நீ எனக்கு எழுது, நான் உன் பிள்ளைகளுக்கு எழுதுகிறேன்" என்ற வாய்ப்பேச்சையும் நம்பி இருக்கக் கூடாது. உயிலை எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்.

மறுமணம் செய்த பெண்களுக்கும் இதே அளவு அவசரம் உண்டு. இந்துப் பெண் உயில் இல்லாமல் இறந்தால், அவருடைய பிள்ளைகளும் அப்போதைய கணவரும் சமமாக வாரிசுகள். பிள்ளைகள் இருக்கும்போது சொத்து எங்கிருந்து வந்தது என்பது இங்கே கணக்கில் இல்லை. அதாவது, இறந்துபோன முதல் கணவர் வழியாக வந்த வீட்டிலும் இரண்டாம் கணவருக்கு ஒரு பங்கு போகும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது தெரியவரும்போது காலம் கடந்திருக்கும்.

மறுமணத்துக்கு முன்பே எழுதிய உயில் இருந்தால் அதை முதலில் எடுத்துப் பாருங்கள். இந்துக்களைப் பொறுத்தவரை திருமணத்தால் பழைய உயில் ரத்தாகாது. "எல்லாம் என் பிள்ளைகளுக்கே" என்று எழுதி வைத்துவிட்டு மறுமணம் செய்தவர் இறந்தால், அந்த உயில் அப்படியே செல்லும். புது மனைவிக்கு அதில் எதுவும் இருக்காது. கிறிஸ்தவர்களுக்கு நேர்மாறு: 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, திருமணம் செய்தவுடன் முந்தைய உயில் ரத்தாகிவிடும். புதிதாக எழுதாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாக. முஸ்லிம்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் கொடுக்க, மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். மனைவியின் முந்தைய மணத்துப் பிள்ளைக்கு ஏதாவது கொடுக்க விரும்பும் முஸ்லிம் தந்தைக்கு அந்த மூன்றில் ஒரு பங்கு நல்ல வழி.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். முதல் மனைவி உயிரோடு இருக்க, முறைப்படி விவாகரத்து ஆகாமலே இரண்டாவது மணம் நடந்திருந்தால், இந்து திருமணச் சட்டப்படி அது செல்லாது. அந்தப் பெண் மனைவி என்ற முறையில் வாரிசாக முடியாது. அவருக்கு ஏதாவது கிடைக்க வேண்டுமென்றால் உயிலோ தானப் பத்திரமோ எழுதியாக வேண்டும்.

எல்லாக் குடும்பத்திலும் சிக்கல் வருவது குடியிருக்கும் வீட்டில்தான். மனைவி கடைசிவரை அங்கே இருக்க வேண்டும், பிறகு வீடு பிள்ளைகளுக்குப் போக வேண்டும் என்பதுதான் பலரின் ஆசை. இதற்கு ஆயுள் உரிமை எழுதுவார்கள்: "என் காலத்துக்குப் பிறகு என் மனைவி தன் ஆயுள் முழுவதும் மேற்படி வீட்டில் குடியிருந்து அனுபவித்து வர வேண்டியது. விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானம் செய்யவோ அவருக்கு உரிமை இல்லை. அவர் காலத்துக்குப் பிறகு என் மகனும் மகளும் சரிபாதியாக அடைந்துகொள்ள வேண்டியது." இதோடு வீட்டு வரியும் பழுதுபார்க்கும் செலவும் யார் பொறுப்பு, மாடியை வாடகைக்கு விட்டால் பணம் யாருக்கு, மனைவி வேறிடம் போய்விட்டால் என்ன என்பதையும் எழுதுங்கள். சண்டை இந்த இடங்களில்தான் தொடங்குகிறது.

ஆயுள் உரிமையில் ஒரு கண்ணியும் இருக்கிறது. ஜீவனாம்சத்துக்கு ஈடாக மனைவிக்குக் கொடுத்த சொத்து, ஆயுள்வரை என்று எழுதியிருந்தாலும், முழு உரிமையாக மாறிவிடும் என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் துளசம்மா வழக்கில் தீர்ப்பளித்தது. பிறகு வந்த வழக்குகள் அந்தந்த உயிலின் வாசகத்தையும் சூழ்நிலையையும் பார்த்து இரண்டு விதமாகவும் முடிந்திருக்கின்றன. ஆகவே இந்த ஒரு பத்தியையாவது சிவில் வழக்கறிஞரிடம் காட்டி எழுத வேண்டும். என்னைக் கேட்டால், வசதி இருப்பவர்கள் வீட்டை ஒரு பக்கமும் வங்கி வைப்பு, மனை போன்றவற்றை இன்னொரு பக்கமும் முழுதாகக் கொடுத்துவிடுவது மேல். மனைவியும் மூத்தாள் பிள்ளைகளும் ஒரே சொத்தில் பல வருடம் கூட்டாக இருப்பது யாருக்கும் நிம்மதி இல்லை. பூர்வீகச் சொத்தாக இருந்தால், உங்கள் பங்கை மட்டுமே உயிலில் கொடுக்க முடியும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்து, உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். உயிலில் பங்கு பெறுபவர்களைச் சாட்சியாகப் போடாதீர்கள்; உங்களைவிட வயதில் இளையவர்களாகப் பாருங்கள், ஏனென்றால் பிறகு அதை நிரூபிக்க ஒரு சாட்சியாவது நீதிமன்றத்துக்கு வர வேண்டியிருக்கும். பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் இப்படிப்பட்ட குடும்பங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வதையே நான் வற்புறுத்துவேன். பங்கு பெறும் மனைவியோ மகனோ முன்னின்று உயிலை எழுதி வாங்கியிருந்தால் நீதிமன்றம் அதைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். எனவே ஆவண எழுத்தரிடமோ வழக்கறிஞரிடமோ நீங்களே தனியாகப் போங்கள். யாருக்காவது குறைத்தோ கொடுக்காமலோ விட்டால் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள்: "மகளின் படிப்புக்கும் திருமணத்துக்கும் ஏற்கெனவே செய்துவிட்டேன்" என்பது போல. பெயரே இல்லாமல் விட்ட பிள்ளைதான் முதலில் வழக்குப் போடும்.

நாமினி விஷயத்தில் பலரும் குழம்புகிறார்கள். வங்கிக் கணக்கிலோ பங்குகளிலோ நாமினியாக இருப்பவர் பணத்தை வாங்கலாம், ஆனால் அது உயிலின்படியோ வாரிசுச் சட்டப்படியோ உரியவர்களுக்குத்தான் சொந்தம். பங்குகள் குறித்து உச்ச நீதிமன்றம் 2023-இல் இதை உறுதி செய்தது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், 2015 திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், துணை, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே. முதல் மனைவியின் பெயர் இன்னும் நாமினியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு பாலிசியையும் எடுத்துப் பாருங்கள்.

குடும்ப ஓய்வூதியத்தை உயிலில் எழுதிக் கொடுக்கவே முடியாது. அது விதிகளின்படி துணைக்குப் போவது. ஓய்வு பெற்ற பிறகு மறுமணம் செய்த அரசு ஊழியர்கள், துணையின் பெயரை ஓய்வூதிய ஆவணங்களில் சேர்க்க மனு கொடுக்க வேண்டும். திருமணத்தைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், அதை முதலில் முடித்துவிட்டு மனுவோடு சான்றிதழை இணையுங்கள்.