ஒரே ஒரு ரீல்தானே என்று தூக்கிப் போடாதீர்கள்

டூரிங் டாக்கீஸ் நடத்திய குடும்பங்களிலிருந்து பேசுபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள்: "பரண்ல பழைய படப்பெட்டி இருக்கு சார். முழுப் படம் இல்லை, ஒரு ரீல்தான். காயலான் கடையில போட்டுடலாமா?" பழைய ஃபிலிம் சுருள்களைச் சோதித்துப் பாதுகாப்பது என் வேலை. இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் ஹாலிவுட் நடிகை கிரேட்டா கார்போவின் படம் ஒன்றைப் பற்றிச் சொல்வேன்.

'தி டிவைன் உமன்' 1928 ஜனவரியில் ஹாலிவுட் கம்பெனி எம்.ஜி.எம். வெளியிட்ட மௌனப் படம். நடிகை சாரா பெர்னார்டின் இளமைக்காலத்தை லேசாகத் தழுவிய காதல் கதை. இயக்குநர் விக்டர் ஷோஸ்ட்ரம், கார்போவுக்கு ஜோடி லார்ஸ் ஹான்சன். மூவருமே ஸ்வீடனிலிருந்து ஹாலிவுட் போனவர்கள். பெரிய கம்பெனி, பெரிய நட்சத்திரம். அப்படியும் படம் தொலைந்தது.

1993இல் மாஸ்கோவுக்கு அருகிலுள்ள கோஸ்ஃபில்மோஃபாண்ட் காப்பகத்தில் அதன் ஒரு ரீல் கிடைத்தது. ஒன்பது நிமிடம், ரஷ்ய மொழி டைட்டில் கார்டுகளோடு (மௌனப் படத்தில் இடையிடையே வரும் எழுத்து அட்டைகள்). படையோடு கிளம்ப வேண்டிய சிப்பாய் காதலியிடம் விடைபெற வந்திருக்கிறான். கொஞ்சலும் கண்ணீருமாக அவனைப் போகவிடாமல் இழுத்துப் பிடிக்கிறாள் அந்தப் பெண். அப்போது கார்போவுக்கு வயது 22. அந்தப் படத்தில் அவர் எப்படி நடித்தார் என்று பார்க்க உலகத்தில் மிச்சமிருப்பது ஏறக்குறைய இவ்வளவுதான்.

அமெரிக்கப் படம் ரஷ்யாவில் எப்படி? அந்தக் காலத்தில் வெளிநாடு போன பிரிண்ட்டுகள் பலவும் ஓடி முடிந்த ஊரிலேயே தங்கிவிடும். திருப்பி அனுப்பும் செலவு யாருக்கும் கட்டுப்படியாகாது. அதனால்தான் டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் பெயரை நான் உடனே நம்புவதில்லை. உள்ளே வேறு படம் இருக்கலாம், வேறு மொழியிலும் இருக்கலாம்.

பேசும் படம் வந்ததும் மௌனப் படங்களுக்கு மார்க்கெட் போயிற்று. பிரிண்ட்டில் உள்ள வெள்ளிக்காக அவற்றைக் கரைத்தார்கள். நம் நாட்டிலும் இது நடந்தது. மீதியைத் தீ தின்றது. 1937இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஃபாக்ஸ் படக் கம்பெனியின் கிடங்கு, 1965இல் எம்.ஜி.எம். கிடங்கு என்று பட்டியல் நீளம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே எடுத்த சுமார் 11,000 முழுநீள மௌனப் படங்களில் 14 சதவீதமே முதலில் வெளியான வடிவில் முழுமையாக இருக்கின்றன. நம் நிலைமை இன்னும் மோசம். சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' தென்னிந்தியாவின் முதல் கதைப்படம். அது இன்று இல்லை.

சரி, பரணில் டப்பா இருந்தால் என்ன செய்வது? முதலில், புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்காதீர்கள். சுருங்கிய ஃபிலிமின் ஓரத் துளைகள் பல்சக்கரத்தில் பொருந்தாமல் கிழிந்துவிடும். 1950களின் தொடக்கம் வரை புழங்கிய நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பிடிக்கும். எரிவதற்கான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீரில் முக்கினாலும் அணையாது. வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில், அடுப்பும் சிகரெட்டும் பக்கத்தில் இல்லாமல், டப்பாவை மெதுவாகத் திறங்கள். வினிகர் வாடை அடித்தால் அது பிற்கால அசிடேட் ஃபிலிம். கெட ஆரம்பித்திருக்கிறது, ஆனால் அந்த அளவுக்குத் தீ அபாயம் இல்லை. சுருள் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தாலோ, பழுப்புத் தூள் உதிர்ந்தாலோ அது சிதையும் நைட்ரேட்டாக இருக்கலாம். பிரிக்காமல் மூடி, வீட்டுக்கு வெளியே நிழலான, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்.

நல்ல நிலையில் இருந்தால் முதல் இரண்டடியை மட்டும் பகல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, டைட்டில் கார்டையும் ஓரத்தில் அச்சான எழுத்துகளையும் செல்போனில் படமெடுங்கள். அந்தப் படங்களைப் புனேயில் உள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்துக்கு அனுப்பிக் கேளுங்கள். ரீலை மட்டும் கூரியரிலோ பஸ் பார்சலிலோ போட்டுவிடாதீர்கள். நைட்ரேட் என்றால் அதை எடுத்துப்போகவே தனி விதிகள் உண்டு. எப்படிக் கொண்டுவருவது என்று அவர்கள் சொல்லட்டும்.