ரைம்: எதுகையா, இயைபா?

செய்யுளடிகளின் இறுதி ஒலிகள் ஒன்றிவருவதைக் குறிக்கும் 'ரைம்' என்னும் ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. 'ரிதம்' என்னும் சொல்லின் சாயல் படிந்ததால் அதன் எழுத்துக்கூட்டல் பின்னாளில் மாறியது. இதைத் தமிழில் 'எதுகை' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டாலும், இலக்கணப்படி அது பொருந்தாது. எதுகையில் ஒன்றுவது இரண்டாம் எழுத்து. அடியிறுதி ஒன்றுவதற்குத் தொல்காப்பியச் செய்யுளியல் 'இறுவாய் ஒன்றல் இயைபின் யாப்பே' என்று தனிப்பெயரே வைத்திருக்கிறது. 'இயை' என்றால் பொருந்து; ஆகவே ரைமுக்கு நேரான சொல் இயைபு. முதலெழுத்து ஒன்றும் மோனை, எதுகை, இயைபு ஆகியவற்றைத் தொடை என்பர். தொடுக்கப்படுவது தொடை, மாலைக்கும் அதுவே பெயர்.

இன்றைய திரைப்பாடல்களில் இயைபு மலிந்திருக்க, சங்கப் பாட்டு அதை அவ்வளவாகத் தேடுவதில்லை. மணமக்களின் இல்லம் சென்று திரும்பிய செவிலித்தாய் மகிழ்ந்துரைப்பதாகக் கூடலூர் கிழார் பாடிய குறுந்தொகை 167-ஆம் பாட்டைப் பார்க்கலாம்:

முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்
கழுவுறு கலிங்கம் கழாஅ துடீஇக்
குவளை யுண்கண் குய்ப்புகை கழுமத்
தான்றுழந் தட்ட தீம்புளிப் பாகர்
இனிதெனக் கணவன் உண்டலின்
நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே

எந்த இரண்டு அடியின் ஈறும் இங்கே ஒன்றவில்லை. ஓசை அடிகளுக்குள்ளேயே ஓடுகிறது. தயிர் பிசைந்த விரலைத் துடைத்த புடைவையைத் துவைக்காமலே உடுத்திக்கொள்ளும் அவசரத்தைச் சொல்லும் இரண்டாம் அடியில், கழுவுறு, கலிங்கம், கழாஅ என முதல் மூன்று சீரும் (அடியைப் பகுக்கும் சொற்கூறுகள்) ககரத்தில் தொடங்குகின்றன. இது கூழை மோனை. தாளிப்புப் புகை கண்ணில் நிறையும் மூன்றாம் அடியில் குவளை, குய்ப்புகை என முதற்சீரும் மூன்றாம் சீரும் ஒன்றுவது பொழிப்பு மோனை. கழுவு, கழாஅ, கழும என்று 'கழ' ஒலி திரும்பத் திரும்ப வருவதில், ஒரு வேலை முடியுமுன் அடுத்ததற்கு ஓடும் புதுமனைவியின் பரபரப்பே கேட்கிறது.

அவள் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் 'இனிது' என்று உண்ணும் ஐந்தாம் அடி மட்டும் முச்சீராய்க் குறுகுகிறது. ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, இப்படி முச்சீராக வருவதே நேரிசை ஆசிரியப்பா என்னும் பாவகை. யாப்பின் பொதுவிதிதான் என்றாலும், அவன் சுருங்கச் சொல்லி உண்பதற்கு அது வாய்ப்பாக அமைந்துவிட்டது. அதற்கடுத்த ஈற்றடியில்தான் எதுகை தெளிவாக ஒலிக்கிறது: நுண்ணிதின், ஒண்ணுதல். பிறர் அறியாதபடி நுட்பமாய் எழுந்த மகிழ்ச்சியையும் அது தோன்றிய ஒளிபொருந்திய நெற்றியையும் இணைப்பது அந்த ணகர ஒற்று.